அரிசி படத்தில் ஏன் கறுக்கிறது? – காமிரா வகுப்பில் மளிகை வியாபாரிகள்

மூட்டையில் ஊசியைக் குத்தி, உள்ளங்கையில் ஒரு பிடி சரக்கை எடுத்துக் காட்டி விலை பேசுவது நம் தொழிலின் பழைய வழக்கம். வெளியூர் வியாபாரி என்றால் அந்த ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்து, மேலே ரகமும் விலையும் எழுதி பஸ்ஸில் அனுப்பி வைப்போம். இன்று அந்த வேலையில் பெரும்பகுதியைச் செல்போன் படம் எடுத்துக்கொண்டுவிட்டது. காலை 6 மணிக்கு மண்டியில் மூட்டை இறங்குகிறது. 6.10-க்குப் படம் போகிறது. 6.20-க்கு "பத்து மூட்டை ஏத்துங்க அண்ணாச்சி" என்று பதில் வந்துவிடுகிறது. தொட்டுப் பார்க்காமல், மோந்து பார்க்காமல், படத்தை நம்பியே பணம் கைமாறுகிறது. எனவே படம் பொய் சொன்னால் சரக்கு திரும்பும். சரக்கு திரும்பினால் போக வர லாரி வாடகையும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலியும் யார் தலையில் என்று தகராறு வரும்.

நம் சங்கத்து உறுப்பினர் ஒருவருக்கு அப்படித்தான் நேர்ந்தது. குண்டு மிளகாய் வற்றலைக் குடோனில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பினார். போனோ, உணவுப் பொருள் என்று தானாகவே கண்டுகொண்டு, கேளாமலே சிவப்பைக் கூட்டிவிட்டது. "படத்துல ரத்தச் சிவப்பா இருந்துச்சு, சாக்கப் பிரிச்சா செங்கல் நிறமால்ல இருக்கு" என்று வாங்கியவர் சரக்கை இறக்க மறுத்தார். மிளகாயில் நிறம்தான் விலை என்பது நமக்குத் தெரியாததல்ல. விலையைக் குறைத்துத்தான் அந்த வழக்கு தீர்ந்தது. நம் உறுப்பினர் ஏமாற்ற நினைத்தவர் அல்லர். ஆனாலும் இருபது வருடப் பழக்கத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. மாதக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோதுதான், காமிரா பிடிக்க ஒரு வகுப்பு வைத்தால் என்ன என்ற யோசனை பிறந்தது.

கல்யாணச் சரக்கு ஓட்டம் இல்லாத ஆடி மாதமாகப் பார்த்து, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சங்கக் கட்டட மாடியில் வகுப்பு நடந்தது. கடைக்காரர்கள், மண்டிக்காரர்கள், கல்லாவில் உட்காரும் பெண்கள், கடைப் பையன்கள் என்று 22 பேர் போயிருந்தோம். கற்றுக்கொடுத்தவர் நம் கடைத்தெருவில் 30 ஆண்டுகளுக்கு மேல் ஸ்டுடியோ நடத்தியவர். கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும் எடுத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவரிடம் பெரிய காமிரா ஒன்று இருந்தது. எங்களிடம் இருந்தவையெல்லாம் செல்போன்களே. "அடிப்படை ரெண்டுக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லி, பெரிய காமிராவை மேசைமேல் வைத்துவிட்டார்.

பிலிம் போன கதை

முதலில் கொஞ்சம் பழங்கதை சொன்னார். அந்தக் காலத்தில் ஒரு ரோலில் 36 படம். தட்டினால் காசு. உதகமண்டலத்தில் 1960-ல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' பிலிம், வெளிநாட்டுப் பெட்டிகளோடு போட்டியிட்டு ஸ்டுடியோக்களில் இருந்ததை நம்மில் வயதானவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பிலிமே வேண்டாத காமிராவை முதலில் செய்து காட்டியவர், பிலிம் விற்றே பெரும்பணம் பார்த்த கோடக் கம்பெனியின் இஞ்சினியர் ஸ்டீவன் சாஸன். ஆண்டு 1975. எடை சுமார் மூன்றரைக் கிலோ. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காஸெட் நாடாவில் பதிய 23 வினாடி பிடித்தது. அதே கோடக் கம்பெனி, டிஜிட்டல் வெள்ளத்தில் தாக்குப்பிடிக்க முடியாமல் 2012 ஜனவரியில் திவால் சட்டப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போயிற்று. வந்திருந்த வியாபாரிகளில் பலருக்கு அன்றைக்குச் சொன்ன மற்ற எதையும்விட இந்தச் செய்திதான் மனதில் தைத்தது. டீ குடிக்கும்போதும் இதே பேச்சு.

டிஜிட்டல் காமிராவுக்குள் பிலிம் இருந்த இடத்தில் ஒரு சிறிய சில்லு இருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத கிண்ணங்கள் வரிசை வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 12 மெகாபிக்சல் என்றால் ஒரு கோடியே 20 லட்சம் கிண்ணம். மழை பெய்தால் முற்றத்தில் வைத்த பாத்திரங்களில் தண்ணீர் சேர்வதுபோல, இந்தக் கிண்ணங்களில் வெளிச்சம் சேர்கிறது. எதில் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து எழுதிக்கொள்வதுதான் காமிராவின் வேலை. கிண்ணத்துக்கு அளவு தெரியுமே தவிர நிறம் தெரியாது. அதனால் ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதாவது ஒரு நிறக் கண்ணாடி மூடியிருக்கும். பெரும்பாலான காமிராக்களில் பாதிக் கிண்ணங்களுக்குப் பச்சை; கால் பங்கு சிவப்பு; கால் பங்கு நீலம். பக்கத்துக் கிண்ணங்களை ஒத்துப் பார்த்து இன்ன நிறம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. அதாவது, படத்தில் நாம் பார்க்கும் நிறம் ஒரு கணக்கு. கணக்கில் பிசகு வரலாம்.

வகுப்பில் ஒருவர் 108 மெகாபிக்சல் போன் வாங்கலாமா என்று கேட்டார். ஏ4 தாளில் நோட்டீஸ் அச்சடிக்க 9 மெகாபிக்சலே ஏறக்குறையப் போதும்; வாட்ஸ்அப்பில் அனுப்ப அதுவும் அதிகம் என்றார் ஆசிரியர். அந்தப் பணத்துக்குச் சரக்கு வாங்கிப் போடலாம் என்பது நம் கருத்தும்.

அரிசியும் உளுந்தும்

முதல் நாளில் எங்களை மிகவும் யோசிக்க வைத்தது ஒரு சின்னச் சோதனை. ஒரு தாம்பாளத்தில் பச்சரிசி, இன்னொன்றில் தோல் நீக்காத கறுப்பு உளுந்து. வேறெதுவும் தெரியாதபடி கிட்டப் போய் எடுக்கச் சொன்னார். எடுத்தோம். அரிசி அழுக்குப் படிந்ததுபோல் சாம்பல் நிறத்தில் இருந்தது. உளுந்தோ வெளுத்து, அதுவும் சாம்பல் நிறத்தில் இருந்தது. வெள்ளையும் கறுப்பும் படத்தில் பங்காளிகளாகிவிட்டன.

காரணம் இதுதான். காமிராவுக்கு அரிசி என்றும் உளுந்து என்றும் தெரியாது. தன் முன்னால் இருக்கும் எதுவும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம்தான் என்று எண்ணிக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். எந்தச் சரக்கை வைத்தாலும் முள் நடுவில் நிற்க வேண்டும் என்று படிக்கல்லை மாற்றிப் போடுகிற ஆள் மாதிரி! வெள்ளைச் சரக்கைப் பார்த்தால், 'அடடா, வெளிச்சம் ஜாஸ்தி' என்று குறைத்துவிடுகிறது. கறுப்புச் சரக்கைப் பார்த்தால் கூட்டிவிடுகிறது. இப்போதைய போன்கள் கொஞ்சம் புத்திசாலிகள் என்றாலும், தட்டு முழுக்க ஒரே நிறமாக இருந்தால் அவையும் தடுமாறுகின்றன.

மாற்றும் வழி சுலபம். திரையில் சரக்கின் மேல் விரலால் தொட்டால், பெரும்பாலான போன்களில் பக்கத்தில் சூரியன் படம் ஒன்று வரும். வெள்ளைச் சரக்கு என்றால் அதை மேலே தள்ள வேண்டும். அரிசி, சர்க்கரை, ரவை, மைதா, உப்பு எல்லாம் இந்தக் கணக்கு. கறுப்புச் சரக்குக்குக் கீழே இழுக்க வேண்டும். மிளகு, கறுப்பு உளுந்து, புளி, கருப்பட்டி எல்லாம் அதில் சேரும். நம் உறுப்பினர்கள் நேராக எதிராகச் செய்து வந்திருக்கிறார்கள். வெள்ளைச் சரக்கென்றால் வெளிச்சம் போதும் என்றல்லவா நமக்குத் தோன்றும்?

ஆனால் மேலே தள்ளுவதிலும் அளவு உண்டு. ரொம்பத் தள்ளினால் கிண்ணம் நிரம்பி வழிந்துவிடும். அரிசி மணிகள் ஒன்றோடொன்று கலந்து வெள்ளைத் துணி விரித்ததுபோல் ஆகிவிடும். வழிந்த தண்ணீரை அள்ள முடியாததுபோல, அந்த இடத்தில் இருந்த விவரம் பிறகு எந்த வித்தை செய்தாலும் திரும்ப வராது. அரிசிப் படத்தில் வாங்குகிறவர் தேடுவது என்ன? நொய் எவ்வளவு, கறுப்பு மணி எவ்வளவு, மணி நீளமா குட்டையா என்பதைத்தான். நொய் தெரியாத அரிசிப் படத்தால் காசுக்குப் பயன் இல்லை.

மஞ்சளும் மிளகாயும்

இரண்டாம் ஞாயிறு முழுவதும் நிறத்துக்கே போயிற்று. அரைக் கிலோ விரலி மஞ்சளை ஜன்னலோரம் ஒருமுறை, டியூப் லைட்டுக்குக் கீழே ஒருமுறை, குண்டு பல்புக்குக் கீழே ஒருமுறை எடுத்தோம். மூன்று படங்களையும் அடுத்தடுத்து வைத்தால் மூன்று ஊர் மஞ்சள் போலத் தெரிந்தது.

வெளிச்சத்துக்கே நிறம் உண்டு. அதை கெல்வின் என்ற அளவில் சொல்கிறார்கள். பழைய குண்டு பல்பும், வீட்டுக்கு வாங்கும் மஞ்சள் எல்.இ.டி.யும் 2,700 முதல் 3,000 வரை. நடுப்பகல் வெளிச்சம் சுமார் 5,500. நிழலில் அதற்கும் மேலே போய் நீலம் தட்டும். நம் கண் எந்த வெளிச்சத்திலும் வெள்ளைத் தாளை வெள்ளையாகவே எடுத்துக்கொள்ளும். காமிரா ஊகித்துத்தான் சரிசெய்கிறது. இதற்குத்தான் 'ஒயிட் பேலன்ஸ்' என்று பெயர். ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கலந்து விழுந்தால் ஊகத்துக்கு வழியே இல்லை. தட்டின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். எனவே ஒரு படத்துக்கு ஒரே வெளிச்சம். ஜன்னலோரம் எடுப்பதானால் கடை விளக்கை அணைத்துவிட வேண்டும்.

ஆசிரியர் சொன்ன உபாயம் எங்களுக்குப் பிடித்திருந்தது. படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் துண்டு தெரியட்டும். தாள் வெள்ளையாக இருந்தால் மஞ்சளின் நிறத்தையும் நம்பலாம். தாள் பழுப்பாக இருந்தால் வாங்குகிறவரே கழித்துப் பார்த்துக்கொள்வார். மாதிரியோடு முத்திரை வைத்து அனுப்பியது போல.

சிவப்பு வற்றல் தனிச் சங்கடம். சிவப்புக் கிண்ணங்கள் மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடுவதால், காம்பும் தோல் சுருக்கமும் மறைந்து வெறும் சிவப்புப் பரப்பாகிவிடும். சூரியனைக் கொஞ்சம் கீழே இழுத்தால் சுருக்கம் திரும்பி வருகிறது. போன் தானாக நிறம் கூட்டும் வசதியை அமைப்புகளில் தேடி நிறுத்திவிட வேண்டும். முன்பு சொன்ன உறுப்பினர் அன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்து, அதை நிறுத்தும் இடத்தை இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இந்த இடத்தில்தான் ஒரு சின்ன வாக்குவாதம். பாக்கெட் மசாலா போடும் இளைஞர் ஒருவர் எழுந்து, "சிவப்பு கொஞ்சம் கூட்டினாத்தான் சார் ஆளு நின்னு பாக்குறாங்க. எல்லாரும் செய்யிறாங்களே" என்றார். ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "கல்யாணப் பொண்ணு படத்துக்கு எத்தனையோ டச்சிங் பண்ணியிருக்கேன் தம்பி. அந்தப் படத்த வச்சு யாரும் எடை போட்டு வாங்குறதில்ல" என்றார். எல்லோரும் சிரித்தோம், கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

நம் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம். கடை போர்டுக்கும் பொங்கல் வாழ்த்து நோட்டீசுக்கும் எடுக்கும் படம் வேறு; அதில் அலங்காரம் இருக்கட்டும். இந்தச் சரக்கு, இந்த விலை என்று சொல்லி அனுப்பும் படம் வேறு. அது மாதிரிப் பொட்டலம். மாதிரிப் பொட்டலத்தில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிப் போடுகிறவனை மண்டியில் என்ன பெயர் சொல்லி அழைப்போம் என்பது நமக்குத் தெரியும். தவிர, இணையச் சந்தைகள் மூலம் விற்கிற உறுப்பினர்களுக்குச் சட்டமும் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாத பொருளை விற்றவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. பாக்கெட் பொருள்களின் எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் விலாசம் போன்ற விவரங்களை இணையப் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி முதல் நடைமுறை. எனவே பாக்கெட்டின் முகத்தை மட்டும் அல்லாமல், எழுத்துள்ள முதுகையும் வாசிக்கும்படி தெளிவாக எடுத்து வைப்பது நல்லது.

கோடு விழுவதும், அளவு மயங்குவதும்

சில கடைகளில் எடுக்கும் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். போன் கெட்டுவிட்டது என்று பழுது பார்க்கக் கொடுத்தவர்கள்கூட எங்களில் உண்டு. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதனால் விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. மட்டமான எல்.இ.டி.யில் இது அதிகம். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிமிட்டல் காமிராவில் பட்டையாக விழுகிறது. ஷட்டர் வேகத்தைக் கையால் மாற்ற முடிகிற போனில் 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் மறைந்துவிடும். இல்லையேல் பகல் வெளிச்சத்துக்கு வந்துவிட வேண்டியதுதான்.

ஷட்டர், அபர்ச்சர், ஐ.எஸ்.ஓ. என்ற மூன்றையும் விளக்க ஆசிரியர் குழாயை உதாரணம் காட்டினார். குழாயை எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது ஷட்டர். குழாயின் வாய் எவ்வளவு அகலம் என்பது அபர்ச்சர். அநேகப் போன்களில் வாய் அகலத்தை மாற்ற முடியாது. ஐ.எஸ்.ஓ. என்பது சேர்ந்த வெளிச்சம் போதாதபோது கணக்கில் பெருக்கிக் காட்டுவது. பெருக்கினால் பிசகும் சேர்ந்து பெருகும். படத்தில் ரவையைத் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும். இருட்டுக் குடோனில் எடுத்த படங்கள் அப்படி இருப்பதன் ரகசியம் இதுதான்.

முந்திரிப் பருப்பு விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்ற தரங்கள் ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு என்ற கணக்கில் வந்தவை. எண் கூடக் கூடப் பருப்பு சிறியது. கிட்டப் போய் எடுத்த படத்தில் 320-ம் 180 போலக் கொழுத்துத் தெரியும். போன் லென்சுக்கு அகலப் பார்வை. கிட்டே இருப்பதைப் பெரிதாக்கும். இரண்டடி பின்வாங்கி, இரட்டைப் பெரிதாக்கலில் எடுத்து, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு ஒன்றை வைத்துவிட்டால் அளவில் சந்தேகம் வராது. ஏலக்காய், மிளகு, கொண்டைக்கடலைக்கும் இதுவே முறை.

கடையில் செய்யக்கூடியது

போனின் பிளாஷ் வேண்டவே வேண்டாம். நேர் எதிரிலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் மல்லியின் வரியும் மிளகின் சுருக்கமும் அழிந்துபோகும். ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் விழும் வெளிச்சமே சரக்கைச் சரக்காகக் காட்டும். வெயில் நேராக அடித்தால் ஜன்னலில் ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டால் வெளிச்சம் மெத்தென்று ஆகிவிடுகிறது. எதிர்ப்பக்கம் நிழல் அதிகம் விழுந்தால் ஒரு தெர்மோகோல் பலகையை நிறுத்தினால் போதும். இதற்கு மேல் ஒரு சாமானும் வாங்க வேண்டியதில்லை என்று ஆசிரியர் கண்டித்துச் சொன்னார்.

எண்ணெய் பாட்டிலுக்கு மட்டும் வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் அப்போதுதான் தம் நிறத்தைக் காட்டும். கசடு இருந்தால் அதுவும் தெரியும். பிளாஸ்டிக் பாக்கெட்டில் பளபளப்பு வந்து எழுத்தை மறைத்தால், கேரம் காய் பலகையில் பட்டுத் திரும்புவதை நினைத்துக்கொண்டு, வெளிச்சம் நம் பக்கம் திரும்பாதபடி பாக்கெட்டைச் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் லென்சைத் துடைக்க வேண்டும். எண்ணெய்க் கையும் மாவுக் கையுமாகப் போனை எடுப்பவர்கள் நாம். எங்கள் 22 போன்களையும் ஆசிரியர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ரேகை படியாத லென்ஸ் ஒன்றுகூட இல்லை. துடைத்த பிறகு எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, கண் ஆபரேஷன் செய்தது போலிருக்கிறது என்றார் ஒரு பெரியவர்.

சேதமான சரக்குக்குப் படம்

கடைசி ஞாயிறு, விற்க எடுக்கும் படத்தைவிட நமக்குச் சில நேரம் அதிகம் பயன்படும் ஒன்றைப் பற்றிப் பேசினோம். லாரியில் வந்த சரக்கு நனைந்தோ கிழிந்தோ இருந்தால் எப்படி எடுப்பது? கிழிந்த சாக்கை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் அது எந்த லாரி, எந்த ஊர் சாக்கு என்று யாருக்கும் தெரியாது. இறக்குவதற்கு முன், லாரி எண் தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று. மூட்டைகள் அடுக்கியிருந்தபடியே ஒன்று. பிறகு சேதமான மூட்டை அதன் குறியோடு ஒன்று. தராசில் எடை காட்டும்போது ஒன்று. தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வரும் இந்த வரிசை விட்டுப்போகாமல் இருந்தால் பேச்சுக்கு இடமில்லை. டெலிவரி ரசீதில் சேதத்தை எழுதி வாங்குவதைப் படம் எடுத்த திருப்தியில் விட்டுவிடக் கூடாது. 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, நஷ்டத்துக்கு வழக்குப் போடுவதற்கு முன், சரக்கு புக்கிங் ஆன நாளிலிருந்து 180 நாளுக்குள் லாரி சர்வீசுக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும்.

வழக்கு என்று வந்தால் செல்போன் படமும் மின்னணு ஆவணம்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு, அத்தகைய ஆவணத்துடன் சான்றிதழ் இணைக்கச் சொல்கிறது. அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். நாம் செய்ய வேண்டியது, எடுத்த படத்தை எடுத்த போனில் அழிக்காமல் வைத்திருப்பது. அசல் படத்துக்குள் தேதியும் நேரமும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருங்கி, அந்த விவரமும் உதிர்ந்துவிடும். ஆகவே இறக்குமதிப் படங்களை மாதம் ஒருமுறை கம்ப்யூட்டரிலோ தனி டிஸ்கிலோ நகல் எடுத்து, லாரி ரசீது எண்ணையே பெயராக வைத்துப் போட்டுக்கொள்கிறோம். எங்கள் மண்டிகள் மூன்றில் இந்த ஏற்பாடு ஆவணி முதல் நடக்கிறது. எழுதி வைக்கும் பொறுப்பு கணக்குப்பிள்ளையுடையது. படம் எடுப்பது இறக்கும்போது பக்கத்தில் நிற்கும் பையன். அவன் சட்டைப் பையில் லென்ஸ் துடைக்க ஒரு துண்டுத் துணி.